5.3 வந்த கணக்கு: ஒரு கோலிக்குண்டு, 12 அடி அலுமினிய ஆங்கிள்

புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று ஒன்பதாம் வகுப்புப் பாடத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டு வராந்தாவில் அதை அளந்தபோது 5.3 வந்தது. அக்கா மகள் நோட்டில் “உராய்வினால் குறைந்தது” என்று ஒரு வரி எழுதி மூடப் போனாள். அந்த வரியை அடிக்கலாமா கூடாதா என்று பார்க்கப் போனதில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. செய்ததை அப்படியே எழுதி வைக்கிறேன். செலவு அதிகமில்லை, யாரும் செய்து பார்க்கலாம்.

அவள் கேட்டது சின்ன விஷயம்தான். “கீழ போடற பொருள் நேரத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி தூரம் போகும்னு மனப்பாடம் பண்ணிட்டேன் மாமா. அதை யாராவது பாத்திருக்காங்களா?” மொட்டை மாடியிலிருந்து கல்லைப் போட்டுக் காட்டலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். 3 மீட்டர் உயரத்திலிருந்து கல் தரைக்கு வர 0.8 நொடிகூட ஆகாது. ஸ்டாப்வாட்ச் பித்தானை அழுத்தும் விரலின் தாமதமே அதில் கால் பங்கு. விழுவதைப் பார்க்க வேண்டுமானால் விழுவதை மெதுவாக்க வேண்டும். அதற்கு கலிலியோ கண்ட வழி சாய்தளம்.

அவர் தன் சாய்தளத்தை விவரிக்கும் பகுதி, 1638 இல் லைடன் நகரில் அச்சான அவருடைய கடைசிப் புத்தகத்தில் இருக்கிறது. 12 முழ நீளம், அரை முழ அகலம், மூன்று விரற்கடை தடிமன் கொண்ட மரச்சட்டம். அதில் நேராக ஒரு காடி (நீளப் பள்ளம்) வெட்டி, வழவழப்பாக்கி, உள்ளே தோல்தாள் ஒட்டி, வெண்கலக் குண்டை உருட்டினார். அவர் ஊர் முழம் நம் முழத்தைவிடப் பெரியது, 58 செ.மீ. வரும். ஆக மொத்தம் 7 மீட்டர். எங்கள் வராந்தாவில் அதில் பாதிதான் கொள்ளும்.

மரத்தில் நேராகக் காடி எடுப்பது தச்சருக்கே ஒரு நாள் வேலை. அலுமினியக் கதவு, ஜன்னல் செய்யும் பட்டறையில் ஒரு அங்குல ஆங்கிள் (L வடிவச் சட்டம்) 12 அடி நீளத்தில் கிடைக்கும். அதை மல்லாக்க வைத்தால் இரண்டு பக்கமும் 45 பாகை சாய்ந்த காடி தயாராக இருக்கிறது. குண்டுக்கு 16 மி.மீ. கோலி. லாரி பட்டறையில் கழித்துப் போட்ட பேரிங்கிலிருந்து அதே அளவில் ஓர் இரும்புக் குண்டும் கிடைத்தது.

முதல் ஞாயிறு முழுக்க ஆங்கிளை நேராக்குவதிலேயே போனது. இந்தச் சோதனையின் பாதி வேலை இதுதான், அவசரப்பட்டால் பின்னால் எல்லாம் கெடும். முதலில் இரண்டு முனைக்கு மட்டும் முட்டு வைத்தோம். 12 அடி ஆங்கிள் தன் எடையிலேயே நடுவில் தொய்கிறது, கண்ணுக்குத் தெரியாது. ஆனால் குண்டு காட்டிக் கொடுத்துவிடும். மேல்பாதியில் வேகமாக வந்து கீழ்ப்பாதியில் சுணங்கியது. கொத்தனார் செய்வதுபோல முனைக்கு முனை நூல் பிடித்துப் பார்த்தால் நடுவில் 4 மி.மீ. இறக்கம். ஐந்து இடத்தில் மரக்கட்டை கொடுத்து, அடியில் அட்டைத்துண்டு சொருகி நூலோடு நேர் செய்தோம். ஒவ்வொரு கட்டையின் தலையிலும் ஆங்கிள் உட்காரும்படி வாளால் ஒரு வெட்டு.

அடுத்தது தரை. வராந்தாத் தரை மட்டமாக இருக்கும் என்று நம்பி, ஒரு முனையைத் தரையிலிருந்து 12 செ.மீ. தூக்கினேன். தண்ணீர் ஓடட்டும் என்று எல்லா வராந்தாவுக்கும் வாட்டம் விட்டிருப்பார்கள், எங்களுடையதற்கும் அப்படித்தான். ரசமட்டம் இவ்வளவு நீளத்துக்குப் போதாது. ட்யூப் லெவல் வைத்துப் பார்த்ததில் தரையே ஒன்றரை செ.மீ. சரிந்திருந்தது. பிறகு தரையை விட்டுவிட்டு, ட்யூபில் நிற்கும் தண்ணீரையே மட்டமாக எடுத்துக்கொண்டு, 360 செ.மீ. நீளத்துக்கு 12 செ.மீ. ஏற்றம் வைத்தோம். முப்பதில் ஒரு பங்குச் சரிவு. வழுக்கிக்கொண்டு வரும் பொருளாக இருந்தால் அதன் முடுக்கமும் 9.8 மீட்டரில் முப்பதில் ஒரு பங்கு, அதாவது நொடிக்கு நொடி 32.7 செ.மீ. இருக்க வேண்டும். இந்த எண்ணை அவள் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்தாள்.

இரண்டாம் ஞாயிறு நேரம் அளந்தோம். போனில் ஸ்டாப்வாட்ச் இருக்கிறதுதான். ஆனால் கலிலியோ செய்தபடியே ஒரு தடவையாவது செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை. அவரிடம் நொடி காட்டும் கடிகாரம் கிடையாது. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அடியில் மெல்லிய குழாய் பொருத்தி, குண்டு ஓடும் நேரத்தில் ஒழுகிய தண்ணீரைப் பிடித்து எடை போட்டார். நேரம் எவ்வளவோ அவ்வளவு எடை. நாடித்துடிப்பில் பத்தில் ஒரு பங்குகூட வித்தியாசம் வரவில்லை, நூறு தடவை செய்தேன் என்று எழுதியிருக்கிறார். தண்ணீரை வைத்து அவ்வளவு துல்லியம் வருமா என்று 20 ஆம் நூற்றாண்டில் சிலர் சந்தேகப்பட்டார்கள். அந்தச் சோதனையே நடந்திருக்காது என்றுகூட நினைத்தார்கள். 1961 இல் தாமஸ் செட்டில் என்ற மாணவர், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில், மரப்பலகை, பில்லியர்ட்ஸ் பந்து, ஒரு பூந்தொட்டி இவற்றை வைத்து அதை மறுபடி செய்து, கலிலியோ சொன்ன துல்லியம் வரும் என்று காட்டிவிட்டார். பூந்தொட்டிதான் அவருக்குத் தண்ணீர்ப் பாத்திரம். இந்தச் செய்தி எனக்கு ரொம்பப் பிடிக்கும். வாதத்தில் தீராத ஒன்றை ஒருவர் பூந்தொட்டியை எடுத்து வைத்துத் தீர்த்திருக்கிறார்.

எங்களுக்கு 20 லிட்டர் பக்கெட், மீன்தொட்டிக்குப் போடும் காற்றுக்குழாய், சமையலறை டிஜிட்டல் தராசு. பக்கெட் பெரிதாக இருப்பது முக்கியம். தண்ணீர் மட்டம் இறங்கினால் ஒழுகும் வேகமும் குறைந்துவிடும். பெரிய பக்கெட்டில் நூறு கிராம் எடுத்தால் மட்டம் அசைந்ததே தெரியாது. ஒரு நிமிடம் முழுக்கப் பிடித்தால் 840 கிராம் வந்தது, அதாவது நொடிக்கு 14 கிராம்.

குண்டை விரலால் பிடித்து விடக்கூடாது. விரல் எடுக்கும்போது நம்மை அறியாமல் ஒரு தள்ளு கொடுத்துவிடுகிறோம். குண்டுக்கு முன்னால் ஒரு அட்டையை நிறுத்தி, அதைச் சட்டென்று மேலே உருவினால் சுத்தமாகக் கிளம்பும். கீழ் முனையில் ஒரு மரக்கட்டை, குண்டு வந்து ‘டக்’கென்று இடிப்பதற்கு. அவள் ஒரு கையில் அட்டை, இன்னொரு கையில் குழாய் முனையை அமுக்கிப் பிடித்திருப்பாள். அட்டை எழும்பும்போது குழாய் திறக்கும், ‘டக்’ கேட்டதும் மூடும்.

320 செ.மீ. தூரம் விட்டால் 84 கிராம். திரும்பச் செய்தால் 85, 83, 84. அதில் கால் பங்கு தூரம், 80 செ.மீ., விட்டால் 42, 43, 41. கால் தூரத்துக்குக் கால் நேரம் ஆகவில்லை, பாதி நேரம் ஆனது! நொடி என்ற சொல்லே இல்லாமல், தராசில் தண்ணீரை நிறுத்தே வர்க்க விதி வந்துவிட்டது. 180 செ.மீ.க்கு 64. 20 செ.மீ.க்கு 21 வர வேண்டும், 23 வந்தது. ஒன்றரை நொடி ஓட்டத்தில் கைத் தாமதம் பெரிதாகத் தெரிவதுதான் காரணம். பத்துத் தடவை செய்தும் அது 21க்கு இறங்கவில்லை, அப்படியே குறித்துக்கொண்டோம்.

இரும்புக் குண்டையும் விட்டோம். கோலி 5 கிராம், இரும்பு 16 கிராமுக்கு மேல். மூன்று மடங்கு கனம். அதே 84 கிராம் தண்ணீர். இதை அவள் நம்பவே இல்லை. ஏழெட்டுத் தடவை மாற்றி மாற்றி விட்டுப் பார்த்தாள். கனமான குண்டைப் பூமி மூன்று மடங்கு பலமாக இழுக்கிறது, ஆனால் அதை நகர்த்தவும் மூன்று மடங்கு விசை தேவைப்படுகிறது. இரண்டும் சரிக்குச் சரியாகிவிடுகின்றன. பாடத்தில் படித்ததுதான், ஆனால் கையில் கனம் தெரிந்த பிறகு விட்டுப் பார்ப்பது வேறு.

மதியம் அவள் தம்பி மிருதங்க வகுப்பு முடிந்து வந்தான். அவனை வைத்து இன்னொன்று செய்தோம். கலிலியோவின் கையெழுத்துத் தாள்கள் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் உள்ள தேசிய நூலகத்தில் இருக்கின்றன. அதில் ஒரு தாளில் 33, 130, 298, 526, 824, 1192, 1620, 2104 என்று எட்டு எண்கள் இருக்கின்றன. 33ஐ 4, 9, 16, 25 என்று பெருக்கிக்கொண்டே போனால் கிட்டத்தட்ட இவையே வரும். ஸ்டில்மன் டிரேக் என்ற வரலாற்றாசிரியர் 1970களில் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். கலிலியோ சங்கீதக்காரரின் மகன். சட்டத்தின் குறுக்கே வீணை மெட்டுபோல நரம்புகளைக் கட்டி, குண்டு அவற்றைத் தாண்டும் சத்தம் தாளத்தோடு ஒத்து வரும்வரை நரம்புகளை நகர்த்தியிருப்பார் என்பது டிரேக்கின் ஊகம். நேரத்தை அளக்கவே வேண்டாம், காது போதும்.

ரப்பர் பேண்ட் கட்டினோம், குண்டு முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. ஆங்கிளின் விளிம்பைவிடக் குண்டின் தலை ஒரு மி.மீ. உயரம். அப்புறம் கட்டுக்கம்பியை வளைவாக்கி நிறுத்தி, அதிலிருந்து நூலில் சலங்கை மணி தொங்கவிட்டோம். ஃப்ளாரன்ஸில் கலிலியோ அருங்காட்சியகத்தில் 19 ஆம் நூற்றாண்டில் செய்த ஒரு சாய்தளம் இருக்கிறது, அதிலும் மணிகள்தான். கோலியை விட்டால் கடைசி மணி பிந்தியது. 5 கிராம் குண்டிடமிருந்து ஒவ்வொரு மணியும் கொஞ்சம் ஆற்றலைப் பிடுங்கிக்கொள்கிறது. இரும்புக் குண்டை எடுத்து, மணியை உரசியும் உரசாமலும் இருக்கும்படி உயர்த்திக் கட்டியதும் சரியாயிற்று. 20, 80, 180, 320 செ.மீ.யில் நான்கு மணிகள். பையன் “தகதிமி, தகதிமி” என்று சொல்லிக்கொண்டே இருக்க, ஒரு ‘த’வில் அட்டையை எடுத்தால் அடுத்தடுத்த ‘த’ ஒவ்வொன்றிலும் ஒரு மணி. மணிகளுக்கு இடையே இருக்கும் தூரம் 20, 60, 100, 140. ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்ற ஒற்றைப்படை எண்கள். கண்ணை மூடிக் கேட்டால் ஒரே சீரான தாளம், திறந்து பார்த்தால் மணிகள் விலகிக்கொண்டே போகின்றன. முடுக்கம் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் பார்த்ததில்லை.

இனிதான் விஷயமே. 320 செ.மீ. ஓட 6 நொடி. தூரத்தை இரட்டித்து நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் முடுக்கம் 17.8 செ.மீ. சுவரில் எழுதியிருந்தது 32.7. முப்பதால் பெருக்கினால் 9.8 வர வேண்டிய இடத்தில் 5.3. நூற்றுக்கு நாற்பத்தாறு காணோம்.

அவள் உராய்வு என்று எழுதியது இங்கேதான். பள்ளியில் எந்தச் சோதனை பொருந்தாவிட்டாலும் உராய்வு, காற்றுத்தடை என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் ஒரு காரணத்தை எழுதினால் அதைச் சோதித்தும் பார்க்க வேண்டும் அல்லவா? “உராய்வுதான்னா, எண்ணெய் போட்டா வேகமா வரணும்ல?” என்று கேட்டேன். தேங்காய் எண்ணெய் தடவினோம். இன்னும் மெதுவாக வந்தது. காடி முழுக்கத் துடைத்துச் சோப்புப் போட்டுக் கழுவ அரை மணி நேரம். அடுத்து, ஆங்கிளைக் கிட்டத்தட்டப் படுக்கையாக வைத்து, குண்டு தானே உருளத் தொடங்கும் சரிவு எது என்று பார்த்தோம். 360 செ.மீ.க்கு அரை செ.மீ. தூக்கினாலே உருள ஆரம்பித்துவிடுகிறது. 12 செ.மீ. ஏற்றத்தில் உருளலைத் தடுக்கும் உராய்வின் பங்கு மிகமிகச் சின்னது. பாதியை விழுங்கும் அளவுக்கு அங்கே எதுவும் இல்லை. வரியை அடித்துவிட்டாள்.

மூன்றாம் ஞாயிறு வரை எனக்கும் முழு விடை தெரியவில்லை. பாதி தெரியும். குண்டு வழுக்கி வரவில்லை, உருண்டு வருகிறது. மேலே இருந்தபோது அதனிடம் இருந்த நிலை ஆற்றல், முன்னால் ஓடுவதற்கு மட்டுமல்ல, தன்னைத்தானே சுற்றிக்கொள்வதற்கும் செலவாக வேண்டும். திடக் குண்டு சமதளத்தில் உருளும்போது ஓட்டத்துக்கு 5 பங்கு என்றால் சுழற்சிக்கு 2 பங்கு. ஏழில் ஐந்துதான் ஓட்டமாகத் தெரியும். ஆகவே 5.3ஐ ஏழால் பெருக்கி ஐந்தால் வகுத்தேன், 7.4. முன்பைவிட நல்லது, ஆனாலும் 9.8 இல்லை. இங்கேயும் “மீதி உராய்வு” என்று எழுதிவிட எனக்கே கை வந்தது.

விடை அவள் கேட்ட ஒரு கேள்வியில் இருந்தது. “மாமா, இது சமதளம் இல்லையே, காடிதானே?” காடியில் குண்டு அடியில் தொடுவதில்லை. இரண்டு பக்கமும், பக்கவாட்டில் தொடுகிறது. அதன் சுழல் அச்சிலிருந்து தொடும் இடம் 8 மி.மீ. கீழே இல்லை, 5.66 மி.மீ.தான். சின்னச் சக்கரத்தில் ஓடும் வண்டி மாதிரி. அதே தூரத்துக்கு அதிகச் சுற்று சுற்றியாக வேண்டும்.

இதை உடனே பார்த்துவிடலாம். அக்காவிடமிருந்து நகப்பூச்சு வாங்கிக் கோலியின் தலையில் ஒரு புள்ளி வைத்தோம். மேசை மேல் 50 செ.மீ. தூரம் மெதுவாக உருட்டி, புள்ளி மேலே வருவதை எண்ணினால் 10 சுற்று. காடியில் அதே 50 செ.மீ.க்கு 14 சுற்று. அவள் எண்ணினாள், அவள் தம்பி எண்ணினான், நான் எண்ணினேன். பதினான்கேதான்.

சுழற்சி வேகம் 1.4 மடங்கு. சுழற்சியில் தங்கும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆக இரண்டு மடங்கு. சமதளத்தில் ஐந்துக்கு இரண்டாக இருந்தது காடியில் ஐந்துக்கு நான்கு. ஒன்பதில் ஐந்து பங்குதான் ஓட்டம். 5.3ஐ ஒன்பதால் பெருக்கி ஐந்தால் வகுத்தாள். 9.5 வந்தது. தசமத்தை முன்கூட்டியே சுருக்காமல் போட்டால் 9.6. நூற்றுக்கு இரண்டு குறைவு. இந்த இரண்டுக்கு உராய்வு என்று எழுதலாம், தாராளமாக எழுதலாம்.

இரும்புக் குண்டுக்குக் கணக்கை ஆற்றலாகவும் போட்டுப் பார்த்தோம். 320 செ.மீ. ஓட்டத்தில் அது இறங்கும் உயரம் 10.7 செ.மீ., விடும் நிலை ஆற்றல் 17.5 மில்லிஜூல். முடிவில் அதன் வேகம் நொடிக்கு 107 செ.மீ., ஓட்டத்தில் இருப்பது 9.5. சுழற்சியில் 7.6. மீதி 0.4. காணாமல் போனது என்று நினைத்த ஆற்றல் முழுக்கக் குண்டுக்குள்ளேயே, நம் கண்முன்னே சுற்றிக்கொண்டு இருந்திருக்கிறது. வழவழப்பான ஒரே நிறக் கோலி சுற்றுவது கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

கலிலியோவுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வழியில்லை. சுழலும் பொருளின் நிலைமத் திருப்புத்திறனை (ஒரு பொருளைச் சுழற்றுவது எவ்வளவு கடினம் என்ற அளவை) கணிதவியலாளர் ஆய்லர் ஒழுங்குபடுத்தியது 18 ஆம் நூற்றாண்டில். கலிலியோ விகிதங்களை மட்டும் பார்த்தார், சுழற்சி விகிதத்தைக் கெடுப்பதில்லை. கால் தூரம் என்றால் பாதி நேரம்தான், சுற்றினாலும் சுற்றாவிட்டாலும்.

எழுதிய விடை சரியா என்று பார்க்க ஒரே வழி, அதை வைத்து நடக்காத ஒன்றை முன்கூட்டிச் சொல்வது. தச்சரிடம் 8 அடி பிளைவுட் பலகை ஒன்று இரவல் வாங்கினோம். 240 செ.மீ.க்கு 8 செ.மீ. ஏற்றம், அதே முப்பதில் ஒரு பங்கு. காடி இல்லை, சமதளம். ஏழில் ஐந்து என்றால் 240 செ.மீ.க்கு 4.5 நொடி ஆக வேண்டும். அதே தூரத்துக்குக் காடியில் 5.2 நொடி. அவள் 4.5 என்பதைச் சுவரில் எழுதிச் சுற்றி வட்டம் போட்டாள். பலகையில் குண்டை நேராக விடுவதுதான் கஷ்டம், பக்கவாட்டில் ஓடி விழுந்துகொண்டே இருந்தது. நேராக வந்த ஆறு ஓட்டங்களின் சராசரி 4.6.

பிங்பாங் பந்தைக் காடியில் விட்டோம், 7 நொடியைத் தாண்டியது. உள்ளே ஒன்றுமில்லாமல் ஓட்டில் மட்டும் எடை இருப்பதால் சுழற்சி இன்னும் அதிகம் எடுத்துக்கொள்ளும். கணக்குப்படி ஏழில் மூன்று பங்குதான் ஓட்டம், 320 செ.மீ.க்கு 6.8 நொடிக்குள் வந்திருக்க வேண்டும். மீதியைக் காற்று எடுத்ததா என்று கேட்டால், 2.7 கிராம் பந்துக்குக் காற்று பெரிய விஷயம் என்பது வரை சொன்னேன். “எவ்வளவுன்னு பாக்கலாம் மாமா” என்றாள். ஆங்கிளை இன்னும் பரணில் ஏற்றவில்லை.